சுற்றிவர மூன்று பக்கம்

ரிவர்ஸ்டன் மலையில் பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. வாடகைக்கு விடக் கட்டிய அறையின் வாசலில் மஸீஹா கைபேசியோடு நிற்கிறாள். ஆறு மாதமாக யாரும் தங்காத அறை. இன்றுதான் முதன்முதலாக ஒரு ஜெர்மனிக்காரி, அறையைச் சுற்றி என்ன இருக்கிறதென்று கேட்டு எழுதியிருக்கிறாள். மிளகு வியாபாரியான கணவன் ஸுஹைல் தேயிலைச் சரிவைக் கையால் வீசிக் காட்டுகிறான். “சரவுண்டட் பை டீன்னு போடு.” “சரவுண்டட்னா சுத்திவர இருக்கணுங்க. நமக்கு மூணு பக்கந்தானே தேயிலை?” நாலாவது பக்கத்தில் அயல்வீட்டாரின் பாதி கட்டிய சுவர், துருப்பிடித்த கம்பிகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. “மூணு பக்கம் குடுக்கிறோம், ஒண்ணை விட்டுத் தர மாட்டாளா?” “வந்து பார்த்துட்டு அடுத்த பஸ்லயே போயிருவா.” பள்ளத்திலிருந்து மூடுபனி ஓசையில்லாமல் ஏறி வருகிறது. தேயிலை கரைகிறது, சுவரும் கம்பிகளும் கரைகின்றன, எங்கோ ஓர் ஆட்டோவின் ஹார்ன் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. மஸீஹா அரைமனதாய்த் தட்டி வைத்திருந்த ‘டீ’யை அழித்து ‘மிஸ்ட்’ என்று தட்டுகிறாள். “இப்ப பொய்யில்லையே?” கடைக்குள் வந்த நல்ல கிராக்கியைக் கலைத்துவிடக் கூடாதென்பதுபோல் ஸுஹைல் குரலைத் தாழ்த்துகிறான். “படமும் எடுத்து அனுப்பு புள்ள, இது எழும்பிப் போறதுக்குள்ள.”