ஐம்பதுக்குள் மூன்று வேலை

"அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் தள்ளணும். இந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு மட்டும் மறந்துபோச்சா?" சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

பின்கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் சிரித்தார். "இனிமே யாரும் தூக்க வேண்டாம். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"வருஷக்கணக்கா 'இதோ, அடுத்த ஞாயித்துக்கிழமை'ன்னு சொன்ன வாயாச்சே!"

"திங்கக்கிழமை எனக்கு அம்பது ஆகுது. சொல்லிட்டுச் செய்யாத வேலை எதையும் அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"மூணு வேலைன்னு போன்ல சொன்னீங்க. நான் எண்ண ஆரம்பிச்சா முப்பது வரும்."

வாய்தான் கடுகடுத்தது. கை அவருக்குக் காபி கலந்துகொண்டிருந்தது.

நகரத்தில் அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றாலும், விடுமுறை நாளானாலும், ஓடிப்போய் நிற்பார். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு தவிப்பார்களே என்கிற நல்ல மனசுதான். ஆனால் வயல்களுக்கு நடுவே இருந்த இந்தச் சின்ன வீட்டில் தவித்தவர்கள் மணி அடிக்கவில்லை. அதனால் அவர் காதில் விழவில்லை.

தரையில் உரசும் பின்கதவு, காற்றடித்தால் திறந்துகொள்ளும் ஜன்னல், மகளுக்கு ஓர் ஊஞ்சல். இந்த மூன்றுக்காகத்தான் சனிக்கிழமை விடிகாலை பஸ்ஸில் கருவிப் பையோடு வந்து இறங்கியிருந்தார்.

கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல்கள் மேல் படுக்கவைத்தார். இழைப்புளியால் அடிப்பக்கத்தைச் சீவினார். மரச்சீவல் சுருள் சுருளாக விழுந்தது. திரும்பவும் மாட்டியபோது, அவள் கொண்டுவந்து வைத்த காபியில் இன்னும் சூடு இருந்தது.

அவள் ஒரு விரலால் கதவைத் தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இவ்வளவுதானா வேலை?"

"இவ்வளவுதான்."

இருவரும் சிரிக்கவில்லை. இந்தக் கொஞ்ச நேரம் இத்தனை வருஷத்தில் எங்கே போயிருந்தது என்று அவருக்குள் ஏதோ சுட்டது.

சாயங்காலத்துக்குள் ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. சாப்பாடு முடிந்ததும் தோட்டத்து ஷெட்டில் பாய் விரித்திருப்பதாக மகள் சொன்னாள்.

"ஆமா, அங்கேயே படுக்கட்டும்" என்றாள் அவள் அம்மா. "அந்தக் குறட்டைக்கு இப்பப் போட்ட கொக்கி கழண்டு விழுந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சல் வேலை. மரக்கிளையின் பலத்தைத் தொங்கிப் பார்த்துச் சோதித்தார். பலகையின் முனைகளைக் கையில் குத்தாதபடி தேய்த்தார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இதை நான் ஆறு வயசுல கேட்டேன்."

"ஞாபகம் இருக்கும்மா."

"இப்ப எனக்குப் பதினாலு."

"அதுவும் ஞாபகம் இருக்கு."

"அப்போ பலகையைக் கொஞ்சம் அகலமா போட்டிருக்கலாம்ல?"

அவர் அசடு வழிந்தார். சங்கிலியை மாட்டி, "ஏறு பார்க்கலாம்" என்றார். மகள் உட்கார்ந்து உந்தினாள். இரண்டு பாதமும் தரையில் தேய்ந்து, ஊஞ்சல் நின்றுபோனது.

லிஃப்ட் கயிற்றை மயிரிழை பிசகாமல் அளக்கிறவர், மகளை அளக்க மறந்துவிட்டார். மனசில் இருந்த ஆறு வயதுக் குழந்தைக்கே சங்கிலியைத் தாழ்வாக மாட்டியிருந்தார்.

"பரவால்லப்பா. நான் காலை மடக்கிக்கிட்டு ஆடுறேன்."

"வேண்டாம்டா, இறங்கு." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியைத் தேடினார். சங்கிலியை ஏற்றி மாட்டும்வரை கீழே பார்க்கவே இல்லை.

வேலையெல்லாம் முடிந்து, வெளிக்குழாயில் கை கழுவினார். அவள் துண்டோடு வந்து நின்றாள். தோட்டத்தில் மகள் ஊஞ்சல் ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இதைவிட்டால் வேறு சமயம் வராது என்று அவருக்குத் தோன்றியது.

"எப்பப் பார்த்தாலும் நேரமில்லைன்னு சொல்வேனே, அது பொய். நேரம் இருந்தது. ஊர்ல எல்லாருக்கும் கொடுத்தேன். உங்க ரெண்டு பேருக்குன்னு எடுத்து வைக்கல. என்னை மன்னிச்சுடு."

அவள் ஊஞ்சல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இதை அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். பிறகு துண்டை நீட்டினாள். "நல்லா துடைங்க. கிரீஸ் போகவே இல்ல. மன்னிக்கிறதுக்கு என்ன, அதெல்லாம் எப்பவோ ஆச்சு."

இந்த இரண்டு நாளையாவது கொடுத்தாயே என்று அவர் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். வாசல்படியில் உட்கார்ந்து கருவிகளைத் துடைத்துப் பையில் அடுக்கத் தொடங்கினார்.

வெளியே கார் ஹாரன் கேட்டது. மகள் ஊஞ்சலிலிருந்து குதித்துக் கேட்டைத் திறக்க ஓடினாள். காரிலிருந்து இறங்கியவர் கையில் ஒரு கேக் பெட்டி இருந்தது. மெக்கானிக் சட்டென்று எழுந்து நின்றார்.

"உட்காருங்க சார், உட்காருங்க. நான் இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் ரெண்டு நாள் எங்க அக்கா வீட்ல போய் இருந்துட்டேன்" என்றார் வந்தவர், பெட்டியை இரண்டு கையாலும் நீட்டியபடி. பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். "இதை வெட்டாம நீங்க பஸ் ஏறக் கூடாது. உங்களுக்கு எந்த கேக் பிடிக்கும்னு என் மனைவிதான் சொன்னா."