தம்பி பங்கு

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்ததும் அவள் கைப்பேசியை எடுத்துக் கேள்விகளைக் கழிக்க ஆரம்பித்தாள்.

இணையத்தில் நடக்கும் கணித மன்றம் அது. எந்தக் கேள்வி இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்வது அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது, வசவு உண்டு.

கணக்கு டீச்சரை எப்படிச் சமாளிப்பது? மூடு. நாளைக்கு லாட்டரியில் எந்த எண் விழும்? மூடு. தலைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும், உள்ளே போய்ப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

மன்றத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் ‘அக்கா’. அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒருவன் மட்டும் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது.

அம்மா இறந்த சமயத்தில் ஏதோ ஒரு வாய்ச்சண்டை. கோபித்துக்கொண்டு போனவன் எண்ணையும் மாற்றினான், வீட்டையும் மாற்றினான். அவள் விசாரிக்காத ஆளில்லை. பாவிப் பயல், எங்கே போய் ஒளிந்துகொண்டானோ.

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ‘மூடு’ மேல் வைக்கப்போன விரல் நழுவி, கேள்வியே திறந்துகொண்டது.

‘ஏழு பிஸ்கட்டை இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மூன்று. தம்பி பங்கு ஒன்று. சரிதானா?’

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஊர் உலகமெல்லாம் அதை மீதி என்றுதான் சொல்லும். தம்பி பங்கு என்று சொன்ன வீடு ஒன்றே ஒன்றுதான். எதைப் பிரித்தாலும் மிஞ்சுவது சின்னவனுக்கு என்பது அம்மா போட்ட சட்டம். அந்த மண்டு பரீட்சையிலும் ‘ஈவு மூன்று, தம்பி பங்கு ஒன்று’ என்று எழுதி வைத்து முட்டை வாங்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பதிலில் கணக்கைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது மன்றத்தின் விதி. அதை எழுதியவளே அவள்தான்.

‘சரிதான்டா. எங்க இருக்கே? வீட்டுக்கு வா’ என்று எழுதி அனுப்பினாள்.

எப்படியோ, இன்றைக்காவது தேடி வந்தானே என்று மனசு நிறைந்துபோயிற்று.

கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. மன்றத்தில் அவளோடு சேர்ந்து கேள்விகளைப் பார்க்கும் பெண்.

“என்னக்கா, அதைப் போய்த் திறந்து விட்டுட்டீங்க? அந்த ஆளு மாசாமாசம் இதையேதான் கேக்கறாரு. ஒவ்வொரு தடவையும் நீங்கதானே மூடினீங்க.”

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு அந்தப் பக்கத்துக்கே திரும்பப் போனாள்.

மன்றத்தில் சேர வழி கேட்கும் யாரோ புது ஆள் என்று நினைத்து, உள்ளே பார்க்காமலே அவள் மூடிக்கொண்டு வந்த அதே தலைப்பு.

‘அக்கா, உள்ளே வரலாமா?’