மடியில் இரண்டு மாத்திரை

“மடியை அவுருய்யா,” என்றார் முதலாளி.

அருளப்பன் தயங்கித் தயங்கி வேட்டி மடிப்பை அவிழ்த்தான். இரண்டு தலைவலி மாத்திரைகள் பூட்டுப் பட்டறையின் தரையில் விழுந்தன.

“பாத்தீங்களா முதலாளி? நான் சொன்னப்ப நம்பலையே நீங்க,” என்றான் வேலுசாமி.

வேலுசாமி தினமும் காலையில் பெட்டிக்கடையில் நாலு மாத்திரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை ஆணியில் மாட்டுவான். மத்தியானம் பார்த்தால் இரண்டுதான் இருக்கும். இன்றைக்கு ஒளிந்திருந்து பிடித்துவிட்டான்.

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. செய்து முடித்த பூட்டைக் காதோரம் வைத்துச் சாவியைத் திருப்பி, உள்ளே லீவர் விழும் சத்தத்தைக் கேட்டுத் தேறியதா என்று சொல்வதுதான் அவன் வேலை. பத்து நாளாகக் காதுக்குள் ஒரே ரீங்காரம். தேறியதென்று அவன் அனுப்பிய மூன்று பூட்டுகள் திரும்பி வந்துவிட்டன. இன்னொன்று வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மாத்திரை முழுசாகக் கிடைத்தால் தலையும் தெளியும், காதும் தெளியும் என்று நம்பியிருந்தான் வேலுசாமி.

“போயும் போயும் மாத்திரையையா திருடுவ? எதுக்குய்யா எடுத்த?” என்று முதலாளி கேட்டார்.

அருளப்பன் அவிழ்ந்த மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

“கை நீளுற ஆளைப் பூட்டுப் பட்டறையில வச்சுக்கிட்டா ஊரு சிரிக்கும். நாளையிலேருந்து வராத,” என்றார் முதலாளி.

அருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினான். வேலுசாமி தெருமுனை வரை பின்னாலேயே போனான்.

“கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்லய்யா?”

அருளப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சத்தமாகவே கேட்டான்.

“மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரியில சீசா நீட்டி மருந்து வாங்கிக் குடிக்கிறேல்ல? வேற மருந்து எதுவும் சாப்பிடுறியான்னு டாக்டர் கேட்டாரா?”

“கேட்டாரு. இல்லேன்னேன்.”

“அப்ப இந்த மாத்திரை?”

“வெத்தலையோட விக்கிறதெல்லாம் மருந்தாய்யா?”

“என் வீட்டுக்காரிக்கும் அதே சீசா மருந்துதான்.” அருளப்பன் கம்பவுண்டரைப் போல மூக்கால் பேசினான். “‘இந்தாம்மா இன்னாசியம்மா, இதோட தலைவலி மாத்திரையைச் சேத்துராத. ரெண்டும் ஒரே சரக்கு. காதுல வண்டு கத்தும், காது மந்தமாகும், வயித்துல ரத்தம் கசியும். எதைத் தின்னாலும் எங்களைக் கேட்டுட்டுத் தின்னு.’”

வேலுசாமிக்குச் சுருக்கென்றது.

“மாத்திரையை விட்டுட்டா காது திரும்பிருமாம். போயி டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லு.”

“இதை முதலாளி முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“காது கேக்காத ஆளு பூட்டைச் சோதிச்சுப் பாக்குறான்னு அவருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு நீ எங்க போயி நிப்ப? நான் அரம் பிடிக்கிறவன். எங்கயும் பொழச்சுக்குவேன்.”

வேலுசாமி பட்டறையைப் பார்த்துத் திரும்பி நடந்தான். முதலாளியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தவன், நாலு எட்டு வைத்ததும் நின்றான்.

“ஏய்யா, எங்கிட்ட மட்டுமாச்சும் ரகசியமாச் சொல்லியிருந்தா இம்புட்டு வம்பு வந்திருக்குமா?”

“மணியடிச்சா நீ கன்னிவாடி பஸ்ஸுக்கு ஓடிருவ. அதான் மாத்திரையில கை வைக்கிறதுக்கு முந்தி, மூணு நாளு பட்டறையிலயே உன் காதோரமாச் சொன்னேன் அப்பு. நீதான் உம் உம்முன்னு தலையாட்டிக்கிட்டே இருந்த.”