பேப்பரில் இல்லாத கேட்

"யக்கா, ஆபீசர் ரயில்ல ஏறிட்டாரு. வெரசா ஒளிஞ்சுக்கங்க" என்று மேனேஜர் ஸ்ரீராம்குமார் போனில் சொன்னதும், மாரித்தாய் ரயில் கேட்டைத் தூக்கிவிட்டாள். கொடி இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்க் குத்தவைத்தாள்.

ஒளிவது அவளுக்குப் புதிதா என்ன! பட்டாசுக் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் அதுதானே. நாலு பேர் உட்கார வேண்டிய ரூமில் பத்துப் பேர் இருப்பார்கள். ஜீப் சத்தம் கேட்டால் மிச்சப் பேர் காட்டுக்குள். ஆபீசர் போனதும் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் வேலை.

அந்தப் பிழைப்பே வேண்டாம் என்றுதான் இந்த ரயிலுக்கு வந்தாள்.

ரயில் என்றால் பெரிய ரயில் இல்லை. எங்கோ சர்க்கரை ஆலையில் கரும்பு இழுத்த பழைய எஞ்சின், கரி போட்டு ஓட்டுவது. தண்டவாளத்தை ஒரே எட்டில் தாண்டிவிடலாம், அத்தனை குறுகல். சாத்தூர்ப் பக்கத்து முதலாளி ஒருவர் அதை விலைக்கு வாங்கிக் கண்மாயைச் சுற்றி விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான்.

பிள்ளைகள் ஏறுகிற வண்டியைச் சர்க்கார் சும்மா விடுமா? கேட்டில் நிற்கிற ஆளுக்குக் கண் டெஸ்ட் வேண்டும், பயிற்சிச் சான்று வேண்டும் என்றது. மாரித்தாயிடம் இரண்டும் இல்லை. முதலாளி சுருக்கு வழி பார்த்தார். அங்கே பாதையே கிடையாது, ஆகவே கேட்டும் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாதை இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பாதையின் முடிவில், அவள் விட்டு வந்த பட்டாசுக் கம்பெனி இருந்தது. அதற்குள் இப்போது அவள் மகள் எழில் இருந்தாள்.

கண்மாய் முனையில் எஞ்சின் கூவியது.

அதே நேரம் பாதையில் திமுதிமுவென்று காலடிச் சத்தம்.

சேலையை வழித்துச் செருகிக்கொண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். ரோட்டில் நின்ற சர்க்கார் ஜீப்பை யாரோ பார்த்துவிட்டார்கள். அது ரயிலுக்கு வந்த ஜீப் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பயமெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பக்கவாட்டில் வருகிற எஞ்சின் ஒருத்தி நினைப்பிலும் இல்லை.

கடைசியாக எழில், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, ஓட மாட்டாமல்.

வெளியே போனால் வேலை போகும். முதலாளியின் பொய்யும் சந்திக்கு வரும். மாரித்தாய் இதையெல்லாம் நினைத்தாளா என்றால், நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் ஓடினாள்.

தண்டவாளத்தின் நடுவில் நின்று சிவப்பை விரித்தாள்.

இரும்பு கிறீச்சிட்டது. எழிலின் முந்தானை முள்ளுக்குள் மறைந்தது.

பயப்படாதீர்கள், வண்டி நின்றுவிட்டது.

பெட்டியிலிருந்து இறங்கிய ஆபீசர் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள், அவர் சிரித்தார்.

"பேப்பர்ல இல்லாத கேட்டு, பேப்பர்ல இல்லாத ஆளு. ஆனா பிரேக் நல்லாத்தான் பிடிக்குது, மேனேஜர்."

பின்னாலேயே இறங்கிய ஸ்ரீராம்குமார் சட்டைக் காலருக்குள் வியர்வையைத் துடைத்தான்.

"யக்கா, பச்சையக் காட்டுங்க. எம்புட்டு நேரம் நிக்கிறது?" என்றான் டிரைவர் மணிமுத்து. சிவப்பைக் கண்டு நின்ற வண்டி பச்சை காட்டாமல் நகரக்கூடாது. அது விதி.

அப்போதுதான் முதுகுப் பக்கம் முள்ளுக்குள்ளிருந்து அடங்கிய குரல் வந்தது.

"யம்மா... இங்கனயா நிப்பாட்டுவ?"

மாரித்தாய் திரும்பிப் பார்த்தாள். இலைகளுக்கு நடுவில் எழில். கைப்பிள்ளையை வைத்திருப்பது போல மடியில் ஒரு சாக்கு. முழங்கை வரைக்கும் சாம்பல் நிறத் தூள்.

ஆபீசர் வந்தால் அதிகப்படி ஆள் மட்டுமா ஓடும்? வெடிக்கு அடைக்கிற அதிகப்படி மருந்தும் கூடவே ஓடும். மாரித்தாயே எத்தனை தடவை சுமந்திருக்கிறாள்! சக்கரத்தைப் பார்த்த பதற்றத்தில் அது நினைவில்லாமல் போனது. உள்ளே ஒவ்வொருத்தி மடியிலும் ஒன்று இருந்தது.

எஞ்சின் வயிற்றிலிருந்து ஒரு கங்கு உதிர்ந்து, காய்ந்த புல்லில் விழுந்து அணைந்தது. கிளம்பும்போது புகைபோக்கி பொறிபொறியாகக் கக்கும். ஞாயிறுதோறும் பிள்ளைகள் கைதட்டிப் பார்ப்பது அதைத்தான். காற்று காட்டுப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, கிளப்பாதீக! உள்ள மருந்து இருக்கு!"

நின்ற எஞ்சினில் நீராவி முட்டி, அந்த நேரம் பார்த்துப் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. காதைப் பிளக்கும் சீறல். அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஆபீசர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன என்பது போலக் குனிந்தார்.

மாரித்தாய் கொடிகளைக் கீழே போட்டாள். காட்டுக்குள் பாய்ந்தாள்.

"பாவம், பயந்து ஓடுது பாருங்க" என்று ஆபீசர் மேனேஜர் காதில் கத்திச் சொல்லிவிட்டுப் பெட்டியில் ஏறினார். அவர் மறுபடி இறங்கி இன்னும் எதையும் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்தால் போதும் என்றிருந்தது ஸ்ரீராம்குமாருக்கு.

முள்ளுக்குள் மாரித்தாய், மகள் மடியிலிருந்த சாக்கைப் பிடுங்கித் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவளைக் காலால் எட்டித் தள்ளினாள்.

வெளியே ஸ்ரீராம்குமார், புல்லில் கிடந்த பச்சைக் கொடியை எடுத்து டிரைவரைப் பார்த்து ஆட்டினான்.