வடக்கு மறந்த கல்

பூமியின் ஆழத்தில் வெந்து, உடையாமல் பிசைந்த மாவாய் இழுபட்ட பாறை அது. அதற்குள் வால் நீண்ட கண் வடிவில் ஒரே ஒரு வெள்ளைக் கனிமம். நிலம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அந்தக் கண்ணின் வால்தான் காட்டும். "வடக்கு குறிக்காமலா பேத்த?" என்றான் கூட ஆய்வுசெய்யும் பரிதி. அந்தக் கண்ணோடு பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த கல்லைக் கையில் பார்த்தாள் ஜெசிந்தா. இனி அந்த வால் எல்லாத் திசையையும் காட்டும். மலைச்சாலைச் சரிவு இடியாமலிருக்கச் சிமெண்ட் பீய்ச்சி மூடுகிறவர்கள் நெருங்கிவிட்டார்கள். பெயர்த்த குழியிலேயே கல்லை வைத்துத் திருப்பினாள், பொருந்தவில்லை. கவிழ்த்துத் திருப்பினாள். கடக்கென்று உட்கார்ந்தது. பாறையின் கோடுகள் கல்லுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறின. "அப்பாடா!" என்று பரிதி தரையிலேயே அமர்ந்துவிட்டான். அவள் கல்லின்மேல் வடக்கு நோக்கி அம்புக்குறி வரைந்தாள். அதை வெளியே இழுக்கப் போன கை பாதியில் நின்றது.

"நகருங்க மேடம்" என்றார் சிமெண்ட் குழாய் பிடித்தவர்.

"கொஞ்சம் இருங்கண்ணே, இப்பத்தான் உக்காந்திருக்கு."