கசப்புக் காணாது

"பத்துக்கு நாலு. அதுக்கு மேல போட ஏலாது." றிஸ்கான் கிளாஸை மேசையில் வைத்தான்.

சுஹறாவின் முகம் வாடிப்போனது. "போன கிழமை ஆறு போட்டீங்களே!"

"நுரை நல்லாத்தான் நிக்கிது. கசப்புக் காணாது. நாக்குட அடியில போய்ப் பிடிக்கணும்."

"அப்ப மத்தப் போத்தலக் குடிச்சிப் பாருங்க."

மேசையில் பழுப்புநிறப் போத்தல்கள் வரிசையாக நின்றன. றிஸ்கான் இன்னொரு கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான், மணந்தான், ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான், தைக்கக் கொடுத்த அபாயாவை வாங்கப் பக்கத்து வீட்டு ஸகியா உள்ளே வந்தாள். போத்தலைப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள். "யா அல்லாஹ்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு, அபாயாவையும் வாங்காமல் திரும்பிப் போனாள்.

மஃரிப் தொழுகைக்குள் தெரு முழுக்கக் கதை பரவிவிட்டது. 'சுஹறா வீட்டுல பியர் காய்ச்சுறாளாம். புருஷன் குடிச்சிக் குடிச்சி மார்க் போடுறானாம்!'

மறுநாள் அவளிடம் தையல் பழக வரும் பெண்பிள்ளைகளில் ஒருத்தியும் வரவில்லை. சுஹறா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெஷினை மூடி வைத்துவிட்டு, அடுப்பில் சட்டியை ஏற்றினாள். கசப்பைக் கூட்ட வேண்டியிருந்தது.

அஸர் தொழுகை முடிந்த கையோடு, பள்ளிவாசல் நிருவாகத்து ஜுனைட் ஹாஜியார் இரண்டு பேரோடு வந்து முற்றத்தில் நின்றார்.

"என்ன புள்ள காய்ச்சுறீங்க?"

"பார்லிய வறுத்து அவிச்சி, இஞ்சியும் தோடம்பழத் தோலும் போட்டு இறக்குறன் ஹாஜியார். குடிக்கக்குள்ள சோடா ஊத்துறன். புளிக்க விடுறதே இல்ல. இரிங்க, ஊத்தித் தாறன், குடிச்சிப் பாருங்க."

"அந்தச் சாமான எங்கட வாய் தொடாது!" ஹாஜியார் கையை உதறினார். "ஹறாம் இல்லெண்டே வைப்பம். ஆனா பியர் போல என்னத்துக்குச் செய்யணும்? நல்ல குடும்பத்து ஆக்களுக்குப் பியர்ட ருசி எப்பிடித் தெரியும்? ஏன், தேத்தண்ணி காணாதா?"

சுஹறா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இது எண்ட குசினி. ஹலாலான சாமானத்தான் காய்ச்சுறன். என்னத்துக்கெண்டு சொல்ல மாட்டன்."

"சொல்லாட்டி வெள்ளிக்கிழமை ஜும்ஆவில பேர் வாசிப்பம்."

"வாசிங்க ஹாஜியார். சத்தமா வாசிங்க. எண்ட பேர மட்டும் வாசிங்க. காய்ச்சுறது நான்."

கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பொம்பிளை முற்றத்தில் நின்று இப்படிப் பேசுவாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே இருந்து றிஸ்கான் வந்தான்.

"நீங்க உள்ளுக்குப் போங்க," என்றாள் சுஹறா அவசரமாக.

அவன் போகவில்லை. "எண்ட பேரையும் சேத்து வாசிங்க ஹாஜியார். அறுகம்பையில வெள்ளைக்காரன்ட ஹோட்டல்ல வேலை செய்யக்குள்ள குடிக்கப் பழகிட்டன். வேலையையும் விட்டுட்டு, இனிக் குடிக்க மாட்டனெண்டு தவ்பாவும் செஞ்சிட்டுத்தான் வந்தன். ஆனா பின்னேரமானா நாக்குக் கேக்குது. கால் தன்ட பாட்டுல ரோட்டுக்கு இழுக்குது. அந்த நேரத்துல என்ன வீட்டுல இருத்தி வைக்கத்தான் இவ இதப் படாத பாடுபட்டுக் காய்ச்சுறா. அந்த ருசி கிட்ட வந்தா நான் அங்க போக மாட்டனாம்."

"ஏன் சொன்னீங்க?" சுஹறாவின் குரல் உடைந்தது. "சொல்ல வேணாமெண்டுதானே சத்தியம் வாங்கினன்! என்னப் பத்தி என்னத்தையும் கதைச்சிட்டுப் போகட்டும். நீங்க நாளைக்குப் பள்ளிக்குள்ள தலை நிமிந்து போக வேணாமா?"

கூட வந்த இருவரும் மெல்ல வெளியே நடந்துவிட்டார்கள். ஹாஜியார் மட்டும் அசையவில்லை. அவர் றிஸ்கானையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"என்னதான் சொன்னாலும் தெருவுக்கு இது நல்லதில்ல. போத்தல் எல்லாத்தையும் எறிஞ்சிரணும்."

"எறிய மாட்டன்," என்றாள் சுஹறா.

அன்று பின்னேரமும் மேசையில் போத்தல்கள் நின்றன. இந்த முறை அவள் ஜன்னல் சீலையை இழுத்து மூடவில்லை. தெருவால் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆவில் யாருடைய பேரும் வாசிக்கப்படவில்லை. ஏனென்று சுஹறாவுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை குசினிப் பக்கத்துக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தாள். ஜுனைட் ஹாஜியார் தனியே நின்றார். வெயில் ஏறாத நேரத்திலும் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"எறியல்ல ஹாஜியார். எறியவும் மாட்டன்," என்றாள் அவர் வாயைத் திறக்க முதலே.

"அதுக்கு வரல்ல மகள்." அவர் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். குரல் அடங்கிப் போயிருந்தது. "எண்ட மூத்தவன்... முஸ்தாக். கொழும்புல இருந்து வந்தவன் அறைய விட்டு வெளிய வாறதில்ல. வந்தா அந்த வாடைதான். தாயும் நானும் ஒத்தருக்கும் சொல்லல்ல... அதுல ஒரு போத்தல் தருவீங்களா? கசப்புக் கூடினதா?"

சுஹறா அவர் முகத்தை மறைத்த குடையைப் பார்த்தாள்.

"ஒண்டில்ல, வேண்டிய மட்டும் தாறன் ஹாஜியார். ஆனா இந்தக் கதவால தர மாட்டன். பின்னேரம் மகனையும் கூட்டிக்கிட்டு, குடையச் சுருக்கிட்டு, முன் வாசலால வாங்க."