வெள்ளாட்டின் காலில் கைப்பட்டை

மிச்சமிருந்த அரசு ஆஸ்பத்திரியையும் காப்பீட்டுக் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று அறுபது வயது செவ்வந்தி வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள். அவள் குரல் உயர்ந்தாலே, கம்பெனி எல்லோருக்கும் மாட்டிவிட்டிருந்த, நாடி பார்க்கும் கைப்பட்டை, "படபடப்பு கூடுகிறது, காப்பீடு ரத்தாகும்" என்று மிரட்டியது. கழற்றி வைத்தாலும் ரத்துதான். ஆகவே அதைத் தன் சினை ஆட்டின் காலில் கட்டிவிட்டுத் தெருவில் இறங்கி, தொண்டை கிழியப் பேசினாள்.

பிரச்சாரத்தின் கடைசி நாள் மதியம், கம்பெனி ஆம்புலன்ஸ் அவள் வாசலில் வந்து நின்றது.

"செவ்வந்திங்கிறவங்களுக்குப் பிரசவ வலின்னு காட்டுது," என்றார் டிரைவர்.

"வலியெல்லாம் முடிஞ்சிருச்சு தம்பி. வந்து பாருங்க, ரெண்டு குட்டி!"

அவர் ஆட்டின் காலைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு தன் கைப்பட்டையைக் கழற்றி ஒரு குட்டியின் காலில் கட்டினார்.

"இப்பச் சொல்லுங்கம்மா, எந்தச் சின்னம்?"